கருந்துளைகளைக் கண்காணிக்க எந்தத் தரவு? வன்னியில் தொடங்கும் குழுவுக்கு ஓர் ஒப்பீடு

கருந்துளைகளை ஆண்டு முழுக்கக் கண்காணிக்கும் ஒரு குழுவைத் தொடங்குவோம் என்று கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ நாலு பேர் கூடினால், பேச்சு உடனே தொலைகாட்டியின் விலைக்குப் போய்விடும். அந்தக் காசைக் கொஞ்ச நாள் பொத்தி வைப்பது நல்லது. கருந்துளையின் அயலிலிருந்து வரும் எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் வளிமண்டலத்தைத் தாண்டி நிலத்துக்கு வரா. அவற்றைப் பிடிக்கும் கருவிகள் ஏற்கெனவே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை திரட்டியதை எவரும் காசின்றி இறக்கிக்கொள்ளலாம். வாடையோடு மாரி இறங்கி வன்னி வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தாலும் அந்தத் தரவு நிற்பதில்லை.

தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: எந்தக் கருவியின் தரவு, எந்தப் பக்குவத்தில் தரவு. நெல்லாக வாங்கிக் குற்றலாம், அரிசியாக வாங்கலாம், ஆக்கிய சோறாகவும் வாங்கலாம். காமா வானியலில் மூன்றும் கிடைக்கும். கையில் ஒரு மடிகணினி, கைபேசி டேட்டா, இடையிடையே போகும் கரண்ட் என்றால் எது சரிவரும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் இலக்கு, பிறகு கருவி

குழுக்கள் அதிகம் இடறும் இடம் இது. கருந்துளை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சாதிகள் இருக்கின்றன. ஒன்று, சூரியனைப் போலச் சில மடங்கிலிருந்து சில பத்து மடங்கு வரை திணிவு கொண்டது. பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்குவது. சிக்னஸ் எக்ஸ்-1 இதற்கு நல்ல உதாரணம்: 21 சூரியத் திணிவு, ஏறத்தாழ 7,200 ஒளியாண்டுத் தூரம், துணை விண்மீனோடு 5.6 நாளுக்கு ஒரு சுற்று. மற்றது, விண்மீன்திரளொன்றின் நடுவில் கோடிக்கணக்கான சூரியத் திணிவோடு குந்தியிருப்பது. அதிலிருந்து ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் தாரை நேரே நம்மை நோக்கியிருந்தால் அந்தத் திரளை பிளாசார் என்கிறோம். 3சி 279, 3சி 454.3, மார்க்காரியன் 421, பிஎல் லாசேர்ட்டே எல்லாம் இந்த வகை.

முதற் சாதி சூடான வாயுவால் ஒளிர்வது. அதன் சக்தி பெரும்பாலும் சில கிலோ இலத்திரன்வோல்ற்றிலிருந்து சில நூறு கிலோ இலத்திரன்வோல்ற்றுக்குள் முடிந்துவிடும் (இலத்திரன்வோல்ற்று என்பது ஒளித்துகளான போட்டோனின் சக்தியை அளக்கும் அலகு; கிலோ ஆயிரம், மெகா பத்து இலட்சம், கிகா நூறு கோடி). பிளாசாரின் தாரையோ கிகா இலத்திரன்வோல்ற்றுக்கும் அப்பால் போகிறது. ஆகவே ஃபெர்மி விண்கலத்தின் பெரிய கருவியில் சிக்னஸ் எக்ஸ்-1ஐத் தேடினால் பல ஆண்டுத் தரவைக் கூட்டினாலும் மங்கலான ஒரு பொட்டுத்தான் கிடைக்கும். ஸ்விஃப்ட் விண்கலத்தின் கருவியில் 3சி 279ஐ நாள்தோறும் பார்க்க முனைந்தால் பூச்சியத்தைச் சுற்றித் துள்ளும் இரைச்சல்தான் கிடைக்கும். இரண்டு கருவியிலும் குறையில்லை. இறால் வலையை எறிந்துவிட்டுச் சுறாவுக்குக் காத்திருந்தால் வலையைக் குறைசொல்ல முடியாது.

ஃபெர்மி: போட்டோனை எண்ணும் பெட்டி

ஃபெர்மி 2008 ஜூன் 11இல் ஏவப்பட்டது. அதன் பெரிய கருவி லாட் 4க்கு 4 ஆக அடுக்கிய 16 கோபுரங்கள் கொண்டது. காமாப் போட்டோன் தங்குதன் தகட்டில் மோதி இலத்திரனும் பொசித்திரனுமாக உடைகிறது. அவை போன தடத்தைச் சிலிக்கன் பட்டைகள் குறிக்கின்றன. அடியில் உள்ள சீசியம் அயடைட்டுப் பளிங்குகள் சக்தியை அளக்கின்றன. ஏற்றமுள்ள அண்டக்கதிர்களை இனங்கண்டு தள்ள வெளியே 89 பிளாஸ்ரிக் ஓடுகள். வானத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் அதன் பார்வைக்குள் விழும். இரண்டு சுற்றில், அதாவது ஏறத்தாழ 3 மணித்தியாலத்தில், முழு வானத்தையும் பார்த்து முடிக்கும். எந்தப் பிளாசாரையும் குறிபார்த்துத் திருப்பத் தேவையில்லை. நீங்கள் பார்க்க மறந்த நாளின் தரவும் களஞ்சியத்தில் இருக்கும்.

ஆனால் எவ்வளவு போட்டோன் வருகிறது என்று மனதில் படியவேண்டும். நடுத்தரப் பிளாசாரொன்றிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கோடிச் செக்கனுக்கு ஒரு போட்டோன் வருகிறது என்று வையுங்கள். ஒரு கோடிச் செக்கன் என்றால் 116 நாள். லாட்டின் பயன்படு பரப்பு உயர் சக்தியில் ஏறத்தாழ 8,000 சதுர சென்ரிமீற்றர். நாளில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் அந்தத் திசை நன்றாகத் தெரியும் என்று கொண்டால், நாளொன்றுக்குக் கிடைப்பது பன்னிரண்டுக்கும் குறைவு. அதையும் பால்வீதியின் பரவலான காமா ஒளிக்குள்ளிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மாறாக 2010 நவம்பர் 20இல் 3சி 454.3 வெடித்தபோது அதே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கோடிச் செக்கனுக்கு 660 போட்டோன். அன்று மணிக்கணக்கில் வெட்டிப் பார்க்கலாம். சாதாரண நாளில் வாரக்கணக்கில் கூட்டினால்தான் ஏதாவது தெரியும்.

சோறாக வாங்குவது

ஃபெர்மி குழுவின் ஒளி வளையிக் களஞ்சியம்தான் ஆக்கிய சோறு. ஒளி வளையி என்பது பிரகாசம் நாளோடு மாறுவதைக் காட்டும் வரைபு. மாறும் தன்மையுள்ளவை என்று பட்டியலில் அடையாளங்கண்ட 1,525 மூலங்களுக்கு (காமா வரும் வான்பொருட்களுக்கு), 100 மெகாவிலிருந்து 100 கிகா இலத்திரன்வோல்ற்று வரை, 3 நாள், 1 வாரம், 1 மாதம் என்று மூன்று கால வெட்டில் பாயத்தை (ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு செக்கனில் வரும் போட்டோனை) கணித்து வைத்திருக்கிறார்கள். பெயரைத் தேடி, வெட்டைத் தெரிந்து, நிறமாலைச் சுட்டியை (சக்தி கூடக்கூடப் போட்டோன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண்ணை) நிலையாக வைப்பதா விடுவதா என்று சொல்லி, கோப்பை இறக்கவேண்டியதுதான். வார வெட்டில் 2008 ஓகஸ்ட்டிலிருந்து ஏறத்தாழ 900 வரிகள் வரும். ஒரு புகைப்படத்துக்குச் செலவாகும் டேட்டாகூட ஆகாது.

எந்த வெட்டு என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் போதும். 2018 டிசெம்பர் 21, 22 இரவில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியது. அந்த டிசெம்பரின் மாதச் சராசரி மழையை மட்டும் எழுதி வைத்தவருக்கு அந்த இரவு தெரியாது. அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மழைமானியைப் பார்ப்பவருக்கும் வெறுங்கிண்ணம்தான். பிரகாசமான 3சி 279 போன்றவற்றுக்கு 3 நாள் வெட்டு தாங்கும். மார்க்காரியன் 421க்கு வாரம் நல்லது. மங்கலான மூலத்துக்கு மாதம்.

கோப்பைத் திறந்ததும் வரும் சிக்கல்களைச் சொல்லவேண்டும். ஏனென்றால் இவை ஒன்றும் வழுச்செய்தியாக வராது, வரைபு அழகாகவே வரும். மூலம் தெளிவாகத் தெரியாத வெட்டில் பாயத்துக்குப் பதிலாக மேல்வரம்பு இருக்கும். எண்ணுக்கு முன்னால் 'விடச் சிறிது' குறி நிற்கும். எக்செல் அந்தக் கலத்தை எழுத்தாக எடுத்துக்கொண்டு சராசரியிலிருந்து சத்தமின்றித் தள்ளிவிடும். விளைவு, மங்கிய வாரங்கள் எல்லாம் மறைந்து சராசரி ஏறிவிடுகிறது. குறியை நீக்கி அதைச் சாதாரணப் புள்ளியாகச் சேர்ப்பது இன்னும் மோசம். மேல்வரம்புகளைத் தனி நிரலுக்கு மாற்றி, கீழ்நோக்கிய அம்பாக வரையுங்கள்.

இரண்டாவது, இந்தக் கணிப்பு முழுக்கத் தன்னியக்கம். சில வெட்டுகளில் பொருத்தல் (மாதிரியைத் தரவோடு ஒத்துவரச் செய்யும் கணக்கு) ஒருங்காமலே, அதாவது ஒரு விடையில் நிலைக்காமலே, எண் வெளியே வந்திருக்கும். கோப்பில் பொருத்தலின் திரும்பு குறியீடு ஒரு நிரலாக இருக்கிறது. 0 அல்லாத வரிகளை ஒதுக்குங்கள். அதோடு, பாயத்தை அதன் வழுவால் (அளவீட்டின் நிச்சயமின்மையால்) வகுத்து, சோதனைப் புள்ளிவிபரத்தின் (மூலம் உண்மையில் தெரிகிறதா என்று காட்டும் எண்ணின்) வர்க்கமூலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நகரவேண்டும். ஒரு புள்ளியின் வழு மட்டும் நம்ப முடியாத அளவு சிறிதாக இருந்தால் அது கண்டுபிடிப்பல்ல, கெட்டுப்போன பொருத்தல்.

மூன்றாவது, 2018 மார்ச் 16. அன்று ஃபெர்மியின் சூரியத் தகடுகளில் ஒன்றின் சுழற்றி இறுகிப்போனது. அதன்பின் வானத்தை ஆட்டிப் பார்க்கும் ஒழுங்கை மாற்ற வேண்டி வந்தது. முன்பு எல்லாத் திசைக்கும் ஏறத்தாழச் சமமாகக் கிடைத்த நேரம், இப்போது சில வாரம் கூடியும் சில வாரம் குறைந்தும் கிடைக்கிறது. 2018க்குப் பின் உங்கள் மூலத்தில் மேல்வரம்புகள் கூட்டமாக வந்தால், மூலம் மங்கியதா, கருவி பார்த்தது குறைவா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இதைவிட வேகமான ஒரு சாப்பாடும் உண்டு: கண்காணிப்புப் பட்டியல் என்று நாள், வார வளையிகளை உடனுக்குடன் போடுகிறார்கள். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கோடிச் செக்கனுக்கு 10 போட்டோன் என்ற அளவை ஒருமுறையாவது தொட்ட மூலங்கள் அதில் சேரும். எது இப்போது வெடிக்கிறது என்று அறிய நல்லது. எண்களை அறிக்கையில் போட உதவாது. அவை அவசரக் கணிப்பு.

நெல்லாக வாங்கிக் குற்றுவது

பக்குவப்படுத்தாத போட்டோன் கோப்பை இறக்கி ஃபெர்மிடூல்ஸ் மென்பொருளில் நீங்களே கணிப்பது அடுத்த வழி. பல்கலைக்கழக மாணவர்கள் இதைத்தான் 'உண்மையான' வேலை என்று நினைத்து முதல் நாளே தொடங்குகிறார்கள். மூன்றாம் வாரம் குழு கலைந்துவிடுகிறது. வேலை கடினம் என்பதைவிட அது நீளம் என்பதே காரணம்.

மென்பொருள் லினக்ஸிலும் மாக்கிலும் ஓடும். கொண்டா என்ற நிறுவியால் நிறுவலாம். விண்டோஸ் மடிகணினி என்றால் அதற்குள் லினக்ஸ் துணைத்தொகுதியை நிறுவவேண்டும். நிறுவல் இறக்கமே பெரியது. பகலில் டேட்டாவைக் கரைக்காமல் நல்ல இணைப்புள்ள இடமொன்றில், அறிவியல் நகர் வளாகம் போன்ற இடத்தில், ஒருமுறை இறக்கி மற்றவர்களுக்குப் பிரதி கொடுப்பது புத்தி.

தரவு வழங்கியில் மூலத்தின் பெயர், 15 பாகை ஆரை, காலம், 100 முதல் 300,000 மெகா இலத்திரன்வோல்ற்று என்று கொடுத்தால் போட்டோன் கோப்புகளும் விண்கலக் கோப்பும் வரும். விண்கலக் கோப்பை விட்டுவிட்டால் பிறகு ஒன்றும் நகராது. இறக்கும்போது, அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவோடு டபிள்யூகெட் என்ற இறக்கக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். உலாவியில் இறக்கினால் கரண்ட் போன கையோடு எல்லாம் முதலிலிருந்து.

பிறகு வரிசை இது; ஜிடி என்று தொடங்குபவை ஃபெர்மிடூல்ஸின் கட்டளைகள். ஜிடிசெலக்ட்டில் நிகழ்வு வகுப்பு 128, நிகழ்வு வகை 3, உச்சிக் கோணம் 90 பாகைக்குள். இந்த 90ஐ மறந்தால் பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமா ஒளி உள்ளே புகுந்து, மூலம் சுற்றுக்குச் சுற்று வெடிப்பதுபோல் காட்டும். ஜிடிமேக்டைமில் தரவுத் தரம் 0க்கு மேல், கருவி நிலை 1 என்ற வடிகட்டல். அடுத்து ஜிடிஎல்டிகியூப், இது பார்வை நேரத்தைக் கணிக்கும் படி, மிக மெதுவானது, சாதாரண மடிகணினியில் இரவுக்கு விட்டுவிட வேண்டியது. பிறகு வெளிப்பாட்டு வரைபடம் (எந்தத் திசையைக் கருவி எவ்வளவு பார்த்தது என்பது), மாதிரிக் கோப்பு (வானத்தின் அந்தப் பகுதியில் உள்ள மூலங்களின் பட்டியல்), கடைசியில் பொருத்தலைச் செய்யும் ஜிடிலைக்.

மாதிரிக் கோப்பில்தான் பிழைகள் குடியிருக்கும். லாட்டின் பிரிவலு 100 மெகா இலத்திரன்வோல்ற்றில் மிக மோசம். ஒரு புள்ளியின் போட்டோன்கள் சில பாகைக்குச் சிதறும். 1 கிகாவில் அது ஏறத்தாழ 0.8 பாகை. ஆகவே உங்கள் மூலத்தை மட்டும் மாதிரியில் வைத்தால் அயலில் உள்ளவற்றின் போட்டோன்களையும் அதன் கணக்கில் எழுதுவீர்கள். 3சி 454.3க்கு ஏறத்தாழ 7 பாகை தள்ளி சிடிஏ 102 இருக்கிறது. 2016 டிசெம்பரில் சிடிஏ 102 பெருவெடிப்பில் இருந்தபோது, அதன் அளவுருக்களை நிலையாகக் கட்டிவைத்துக் கணித்தால் 3சி 454.3உம் சேர்ந்து வெடித்ததாக விடை வரும். அயலில் மாறும் மூலம் இருந்தால் அதையும் ஒவ்வொரு வெட்டிலும் அவிழ்த்துவிடவேண்டும், மாறாதவற்றைக் கட்டிவைக்கவேண்டும். எல்லாவற்றையும் அவிழ்த்தால் பொருத்தல் ஒருங்காது.

இரண்டுக்கும் நடுவே அரிசியும் உண்டு. மூலத்தைச் சுற்றி 1 பாகை வட்டத்தில் விழும் போட்டோன்களை எண்ணி, ஜிடிபின், ஜிடிஎக்ஸ்போஷர் இரண்டால் வெளிப்பாட்டால் வகுத்துவிடலாம். மாதிரி தேவையில்லை, வேகமும் அதிகம். பின்னணி கழிபடாததால் வரும் எண் உண்மைப் பாயமல்ல. ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பலாம். 100 மெகாவிலிருந்து தொடங்காமல் 300 மெகாவிலிருந்து தொடங்கினால் போட்டோன் குறையும், ஆனால் அயலார் கலப்பும் குறையும். பெருவெடிப்பொன்றை 6 மணித்தியால வெட்டில் பார்க்க இது எங்கள் விருப்பம்.

முழுக் கணிப்பு எப்போது நியாயம்? களஞ்சியத்தின் 3 நாள் வெட்டு போதாதபோது, களஞ்சியத்தில் இல்லாத மூலமென்றால், அல்லது நிறமாலையின் வடிவமே கேள்வியாக இருக்கும்போது. ஒரே மூலம், ஒரே வெடிப்பு, அதைச் சுற்றி மூன்று மாதம். அதற்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம்.

ஸ்விஃப்ட்டும் மாக்சியும்: தினமும் துடிப்பதைப் பார்க்க

விண்மீன்திணிவுக் கருந்துளைதான் இலக்கு என்றால் கணக்கு தலைகீழ். 2004 நவம்பர் 20இல் ஏவிய ஸ்விஃப்ட்டின் பாட் கருவி 32,768 கட்மியம் நாக தெலூரைட்டு உணரிகளுக்கு மேலே ஈயத் துண்டுகளால் ஆன முகமூடியொன்றைப் பிடித்திருக்கிறது. ஓலைக் கிடுகின் ஓட்டைகளூடாக விழும் நிழற்கோலத்தை வைத்து வெயில் எந்தப் பக்கம் என்று சொல்வதுபோல, முகமூடியின் நிழலை வைத்து மூலம் எங்கே என்று கணிக்கிறது. 15–50 கிலோ இலத்திரன்வோல்ற்று வளையிகளைக் கடினக் கதிர்க் கண்காணிப்புப் பக்கத்தில் போடுகிறார்கள். நாளொன்றில் வானத்தின் 88 வீதத்தைப் பார்க்கும். முழு நாள் பார்வையில், அளவுகோலாகக் கொள்ளும் பிரகாசமான மூலமான நண்டு நெபுலாவின் 0.53 வீதம் வரை உணரும்.

சிக்னஸ் எக்ஸ்-1 வழமையான கடின நிலையில் (உயர் சக்திக் கதிர் மிகுந்த நிலையில்) இந்தப் பட்டையில் நண்டு நெபுலாவோடு போட்டிபோடும் பிரகாசம். ஆகவே ஒவ்வொரு நாளும் வழுவைவிடப் பல மடங்கு பெரிய புள்ளி கிடைக்கிறது. உயர்தர மாணவர் ஒருவர் முதல் நாளே எக்செல்லில் வரைந்து அர்த்தமுள்ள ஏற்ற இறக்கத்தைக் காணலாம். நண்டு நெபுலாவுக்குக் கோப்பில் வரும் எண்ணிக்கை 0.220, எந்தப் பெறுமானத்தையும் 0.220ஆல் வகுத்தால் 'எத்தனை நண்டு' என்று வரும். 0.176 என்றால் 0.8 நண்டு.

கோப்பு எழுத்துவடிவம், நாளுக்கு ஒரு வரி. தரவுக் கொடி 0 ஆக உள்ள வரிகளை மட்டும் எடுங்கள். பார்வை நேரம் குறைந்த நாட்களின் வழு பெரிதாக இருக்கும். சராசரி எடுக்கும்போது வழுவின் வர்க்கத்தின் நேர்மாறால் நிறையிடவேண்டும். மறைப் பெறுமானங்கள் வரும், பயந்து அழித்துவிடாதீர்கள். பின்னணியைக் கழித்தபின் மங்கலான மூலம் பூச்சியத்துக்கு இருபுறமும் விழுவது இயல்பு. மறைகளை மட்டும் அழித்தால் இல்லாத மூலத்துக்கும் நேர்ச் சராசரி பிறக்கும். பாடசாலைச் செயற்றிட்டங்களில் இதைப்போல அடிக்கடி வரும் பிழை வேறில்லை.

பாட் தரவை மட்டும் வைத்து முடிவு சொல்வதும் ஆபத்து. சிக்னஸ் எக்ஸ்-1 கடின நிலையிலிருந்து மென்னிலைக்கு மாறும்போது உயர் சக்தி விழுகிறது, தாழ் சக்தி ஏறுகிறது. பாட் தரவை மட்டும் பார்த்தவர் கருந்துளை பசியாறிவிட்டது என்பார். உண்மையில் உள்ளே விழும் வாயுத்தட்டு கருந்துளைக்கு நெருங்கி வந்து பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009இலிருந்து இருக்கும் ஜப்பானின் மாக்சியையும் சோடி சேர்க்கவேண்டும். அது 2–20 கிலோ இலத்திரன்வோல்ற்றில், 2–4, 4–10, 10–20 என்று பட்டை பிரித்துத் தருகிறது. 4–10ஐ 2–4ஆல் வகுத்து வரும் கடினத்தன்மையை கிடையச்சிலும் மொத்தப் பிரகாசத்தை நிலையச்சிலும் போடுங்கள். புதிய கருந்துளையொன்று வெடித்தடங்கும்போது அந்தப் பாதை வளைந்து சுற்றிவரும். 2018இல் மாக்சி ஜே1820+070, 2023 ஓகஸ்ட்டில் ஸ்விஃப்ட் ஜே1727.8−1613 இரண்டையும் பயிற்சிக்கு எடுக்கலாம். பிந்தியது தோன்றிய அன்று காமா வெடிப்பு என்று எண்ணி அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். அடங்காமல் ஏறிக்கொண்டே போனபோதுதான் ஆள் வேறு என்று தெரிந்தது. 26 ஆண்டு உறங்கி 2015 ஜூனில் எழும்பிய வி404 சிக்னியும் நல்ல பாடம், ஆனால் அது மணிக்கு மணி மாறியது. நாள் வெட்டில் அதன் ஆட்டம் பாதி தொலைந்துவிடும், சுற்றுக்கொரு புள்ளி தரும் கோப்பை எடுங்கள்.

ஸ்விஃப்ட்டில் ஒரு கவலை உண்டு. அதற்குத் தன்னை உயர்த்த உந்துபொறி இல்லை, சுற்றுப்பாதை தாழ்ந்துவருகிறது. அதை மேலே தள்ளிவிட 2025 செப்டெம்பரில் நாசா ஒப்பந்தம் ஒன்று செய்தது. ஆகவே 'இன்றைய நிலை' என்று எதையும் எழுதுமுன் கோப்பின் கடைசி வரித் திகதியைப் பாருங்கள். 20 ஆண்டுப் பழைய தரவுக்கு ஒரு குறையும் வராது.

மற்றக் கலங்கள்

ஐரோப்பாவின் இன்டெக்ரல் 2025 பெப்ரவரி 28இல் விஞ்ஞானப் பணியை நிறுத்தியது. 2002இலிருந்து திரட்டியது இருக்கிறது. ஆனால் மென்பொருள் கரடுமுரடு, தொடக்கக்காரருக்குச் சொல்லமாட்டோம். இத்தாலியின் அஜிலே 2007 ஏப்ரல் 23இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில் போனது. 2024 பெப்ரவரியில் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. லாட் இருக்கும்போது அதைத் தேடுவதற்குத் தனிக் காரணம் வேண்டும். இந்தியாவின் அஸ்ட்ரோசாட் 2015 செப்டெம்பர் 28இல் ஏவப்பட்டது, முக்கியமாகக் குறிபார்த்துத் திருப்பிப் பார்க்கும் கலம். ஒரு மூலத்தை ஆழமாகப் பார்க்கும், தொடர்ந்து கண்காணிக்காது.

நேரமும் போலிச் சுழற்சியும்

எந்த வழியைத் தெரிந்தாலும் இந்த இரண்டும் காலை வாரும். பாட் கோப்பின் நேரம் திருத்திய யூலியன் நாள் (யூலியன் நாள் என்பது வானியலாளர் நாட்களைத் தொடராக எண்ணும் முறை). ஃபெர்மி களஞ்சியத்தில் யூலியன் நாள். பக்குவப்படுத்தாத போட்டோன் கோப்பில் 2001 ஜனவரி 1இலிருந்து செக்கன்கள். யூலியன் நாளிலிருந்து 2,400,000.5ஐக் கழிக்கவேண்டும்; .5ஐ விட்டால் இரண்டு வளையிகளுக்கும் இடையே அரைநாள் தாமதம் பிறக்கும். செக்கன்களை 86,400ஆல் வகுத்து 51,910ஐக் கூட்டினால் திருத்திய நாள் கிட்டும். இலங்கை நேரத்தை ஒருபோதும் கோப்பில் எழுதாதீர்கள். ஐந்தரை மணி என்பது 0.229 நாள்.

சுழற்சி தேடும் ஆசை எல்லாருக்கும் வரும். ஃபெர்மியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 53 நாளில் ஒருமுறை தன் தளத்தைத் திருப்புகிறது. வெளிப்பாட்டைச் சரியாக வகுக்காத வளையியில் 53 நாள் சுழற்சி தெளிவாகவே தெரியும். 27 நாள் வந்தால் சந்திரனைச் சந்தேகியுங்கள். சந்திரனும் காமாவில் ஒளிர்கிறது. ஓராண்டு வந்தால் சூரியனை. 3சி 279 ஒவ்வோர் ஒக்டோபர் 8ஐ ஒட்டியும் சூரியனுக்குப் பின்னால் போகிறது. களஞ்சியக் கோப்பில் சூரியத் தூரத்துக்கு ஒரு நிரல் இருப்பது இதற்குத்தான். பிஜி 1553+113இன் 2.2 ஆண்டுச் சுழற்சி போல விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை மிகச் சில. அதற்கே பத்தாண்டுக்கு மேல் தரவு தேவைப்படுகிறது.

எங்கள் தெரிவு

பாடசாலைக் குழுவென்றால் பாட், மாக்சி இரண்டின் தரவும், மூலம் சிக்னஸ் எக்ஸ்-1, குறைந்தது இரண்டு நிலைமாற்றங்கள் அடங்கும் காலம். கைபேசி டேட்டாவில் முடியும்; விரித்தாள் போதும்; ஆறு வாரத்தில் கையில் காட்ட ஏதாவது இருக்கும். பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ பட்டப்படிப்பு மாணவர்கள் என்றால் களஞ்சியத்தின் வார வெட்டில் மூன்று பிளாசார். அதில் ஒரு வெடிப்பைத் தெரிந்து 1 பாகை வட்ட எண்ணிக்கை. ஆளும் நேரமும் மிஞ்சினால் முழுக் கணிப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய குழு நின்றுபிடிப்பது அரிது.

இத்தனைக்கும் பிறகு தொலைகாட்டி வேண்டுமா என்றால், இப்போது வேண்டும். பிளாசார் காமாவில் வெடிக்கும்போது பெரும்பாலும் கட்புல ஒளியிலும் ஏறும். சிடிஏ 102 அந்த 2016 டிசெம்பர் இறுதியில், விண்மீன்களின் பிரகாச அளவில், 11ஆம் பருமன் வரை வந்தது. 20 சென்ரிமீற்றர்த் தெறிதொலைகாட்டி, தானே பின்தொடரும் தாங்கி, குளிரூட்டிய ஒருநிறக் கமரா, ஒரு சிவப்பு வடிகட்டி இருந்தால் அதை அளக்கலாம். வடிகட்டியை விட்டுக் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். வடிகட்டியில்லாத அளவீட்டை இன்னொருவரின் அளவீட்டோடு சேர்க்க முடியாது. கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில் இருப்பதால் 3சி 279 உச்சத்தில் 75 பாகைக்கும் 3சி 454.3 83 பாகைக்கும் ஏறும். நடு, வட ஐரோப்பியர் முதலாவதை 35 பாகைக்கு மேல் காண்பது கடினம். எங்கள் இரவு முழுவதும், மாலை 7 முதல் விடிய 5 வரை, சர்வதேச நேரத்தில் ஒரே திகதிக்குள் விழுகிறது என்பது குறிப்பெழுதச் சிறு வசதி.

பெப்ரவரி முதல் மே வரை 3சி 279உம் மார்க்காரியன் 421உம். ஜூலை முதல் மாரி தொடங்கும்வரை 3சி 454.3உம் பிஎல் லாசேர்ட்டேயும். அந்த மாதங்களில் சோளகம் புழுதியை அள்ளி வரும், தொலைகாட்டியை மூடாமல் பகலில் விடக்கூடாது. ஈரலிப்பால் பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். குளக்கட்டில் நிறுத்தினால் வானம் திறந்திருக்கும், ஆனால் நடு இரவுக்குப் பின் பனி இறங்கும். கட்டிலிருந்து சற்றுத் தள்ளி மேட்டுக்காணியில் வைப்பதே மேல்.